எரிசக்திக் கொள்கை பற்றிய அரசியல் பேச்சை எடைபோடுவது எப்படி?

நிலக்கரியா, சூரிய ஒளியா என்ற கேள்வி எழுந்தவுடனேயே பேச்சாளர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஓர் அணி மின்கட்டணத்தையும் வேலைவாய்ப்பையும் மின்வெட்டையும் முன்வைக்கிறது. மற்றோர் அணி புவி வெப்பமாதலையும் காற்று மாசையும் எரிபொருள் இறக்குமதியையும் முன்வைக்கிறது. இரண்டு அணிகளும் அள்ளி வீசும் புள்ளிவிவரங்களில் பெரும்பாலானவை உண்மையானவையே. இருந்தும் அவற்றைக் கேட்டு முடித்தவர் முன்பைவிடக் குழம்பிப் போகிறார் என்றால், ஒவ்வோர் எண்ணும் எதை அளக்கிறது, எந்த நேரத்துக்குப் பொருந்துகிறது, யாருடைய கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பவை சொல்லப்படாமல் விடுபடுவதே காரணம். இன்று ஓர் அனல்மின் நிலையத்துக்கு அனுமதி கொடுத்தால் அது 40 ஆண்டுகள் ஓடும். அதன் கடனையும் புகையையும் இன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் சுமப்பார்கள். எனவே அரைகுறைக் கணக்கை நம்பி இதில் முடிவெடுக்க முடியாது.

எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்லப்போவதில்லை. எரிசக்தி பற்றிய ஒரு கூற்றைக் கேட்டவுடன் அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதையே சொல்கிறது. என் நிலைப்பாட்டை மறைக்கவும் விரும்பவில்லை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகிய புதைபடிவ எரிபொருளிலிருந்து உலகம் வெளியேறியாக வேண்டும் என்றும், நேர்மையான கணக்கைக் காட்டாமல் அந்த வெளியேற்றத்தைத் திணித்தால் மக்களே அதைத் தடுத்து நிறுத்திவிடுவார்கள் என்றும் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அலகைக் கேளுங்கள்

ஒரு தலைவர் மெகாவாட்டில் பேசுகிறாரா, யூனிட்டில் பேசுகிறாரா என்று கவனியுங்கள். மெகாவாட் என்பது ஒரு நிலையம் ஒரு கணத்தில் அதிகபட்சமாக எவ்வளவு மின்சாரம் தர வல்லது என்பதைக் குறிக்கும். யூனிட் என்பது அது உண்மையில் எவ்வளவு தந்தது என்பதைக் குறிக்கும். ஒரு வண்டி எவ்வளவு வேகத்தில் ஓடக்கூடியது என்பதற்கும், அது இந்த மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. சூரிய ஒளி இரவில் இல்லை, காற்று எல்லா நாளும் வீசுவதில்லை என்பதால், இந்த இரண்டிலும் மெகாவாட்டில் சொல்லப்படும் நிறுவுதிறனுக்கும் யூனிட்டில் சொல்லப்படும் உற்பத்திக்கும் இடையிலான இடைவெளி பெரிது.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. 1,000 மெகாவாட் சூரியமின் நிலையம் ஒன்று ஆண்டு முழுவதற்குமான சராசரியாகத் தன் திறனில் 20 சதவீதத்தில் இயங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 1,000-ஐ 8,760-ஆல் பெருக்கி அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் 17,52,000 மெகாவாட்-மணி வரும். ஒரு மெகாவாட்-மணி என்பது 1,000 யூனிட் என்பதால், இது ஏறத்தாழ 175 கோடி யூனிட். அதே 1,000 மெகாவாட் அணுமின் நிலையம் 85 சதவீதத்தில் இயங்கினால் ஏறத்தாழ 745 கோடி யூனிட் கிடைக்கும். இரண்டையும் "1,000 மெகாவாட்" என்று ஒரே மூச்சில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாட்டை மறைத்துவிடுகிறார். 2025 ஜூன் இறுதியில் இந்தியாவின் நிறுவுதிறனில் பாதி, நீர்மின்சாரத்தையும் அணுமின்சாரத்தையும் சேர்த்து, புதைபடிவமல்லாத மூலங்களுடையதாகிவிட்டது. அதே காலத்தில் அந்நாட்டின் மின் உற்பத்தியில் 70 சதவீதத்துக்கும் மேல் நிலக்கரியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. முதல் வாக்கியத்தை மட்டும் சொல்பவரும் இரண்டாவதை மட்டும் சொல்பவரும் ஒரே நாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அடுத்து, மின்சாரமும் எரிசக்தியும் ஒன்றல்ல என்பதை மனத்தில் வையுங்கள். உலக அளவில் இறுதிப் பயன்பாட்டுக்கு வரும் எரிசக்தியில் மின்சாரத்தின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். மீதி வாகனங்களிலும் உலைகளிலும் அடுப்புகளிலும் நேரடியாக எரிக்கப்படுகிறது. ஆகவே மின்சாரத்தில் பாதியைத் தூய்மையாக்கிய நாடு, எரிசக்தியில் பாதியைத் தூய்மையாக்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. எதிர்ப்பக்கத்திலும் இதற்கு இணையான ஒரு மயக்கம் உண்டு. உலகின் முதன்மை எரிசக்தியில், அதாவது மின்சாரமாகவோ இயக்கமாகவோ மாற்றப்படும் முன் மூலங்களில் உள்ள மொத்த எரிசக்தியில், 80 சதவீதம் புதைபடிவ எரிபொருள் என்பது சரியே. ஆனால் அந்த 80 சதவீதத்துக்கும் மாற்று தேட வேண்டும் என்று வாதிடுவது சரியல்ல. பழைய அனல்மின் நிலையம் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே மின்சாரமாக்குகிறது. பெட்ரோல் எஞ்சின் அதைவிடவும் குறைவாகவே சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மீதி புகைபோக்கி வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகவே வெளியேறிவிடுகிறது. காற்றாலை மின்சாரத்தில் ஓடும் மின்வாகனத்துக்கு அந்த வீணான வெப்பத்தை ஈடுசெய்ய வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு நேரத்தைக் கேளுங்கள்

மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைப்பது கடினம் என்பதால், உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தாக வேண்டும். நண்பகலில் சூரியமின்சாரம் வழிந்தோடுகிறது. மாலையில் விளக்குகளும் குளிர்சாதனங்களும் ஒருசேர ஓடத் தொடங்கும் நேரத்தில் அது சரிந்துவிடுகிறது. கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பை இயக்கும் அமைப்பு இந்தச் சரிவையும் அதை ஈடுகட்ட மற்ற நிலையங்கள் ஏற வேண்டிய செங்குத்தான ஏற்றத்தையும் 2013-லேயே வரைபடமாக வெளியிட்டது; வாத்தின் முதுகையும் கழுத்தையும் ஒத்த அந்தக் கோடு இன்று சூரியமின்சாரம் பெருகிய எல்லா நாடுகளிலும் தென்படுகிறது. எனவே எந்த எரிசக்தித் திட்டத்தையும் கேட்கும்போது, மாலை ஏழு மணிக்கு என்ன செய்வீர்கள் என்ற கேள்வியை முன்வையுங்கள். பேட்டரி, நீரை மேலே ஏற்றிவைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின்நிலையம், அண்டை மாநிலத்தோடும் நாட்டோடும் இணைப்பு, தேவையை வேறு நேரத்துக்கு நகர்த்துதல், எரிவாயு நிலையம் என்று விடைகள் பல உண்டு. ஒரு விடையும் சொல்லாதவர் திட்டத்தின் எளிய பாதியை மட்டுமே யோசித்திருக்கிறார்.

பேட்டரி என்று பதில் வந்தால், எத்தனை மெகாவாட் என்பதோடு எத்தனை மணி நேரம் என்றும் கேட்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 2017-இல் நிறுவப்பட்ட பேட்டரி 100 மெகாவாட் திறனும் 129 மெகாவாட்-மணி கொள்ளளவும் கொண்டிருந்தது; அதாவது முழுத் திறனில் ஓடினால் 1 மணி 17 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மின்கட்டமைப்பின் திடீர் தடுமாற்றங்களைச் சமாளிப்பதில் அது பெரும் பயன் தந்தது. காற்றில்லாத ஒரு வாரத்தை அது சமாளிக்கும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து பெறும் டென்மார்க், காற்று குறைந்த நாட்களில் நார்வே, ஸ்வீடன் ஆகியவற்றின் நீர்மின்சாரத்தையும் ஜெர்மனியுடனான இணைப்பையும் நம்பியிருக்கிறது. அதில் குறையொன்றும் இல்லை; பரந்த இணைப்பு நல்ல பொறியியல். ஆனால் டென்மார்க்கை உதாரணம் காட்டுபவர் அந்தக் கடலடி மின்வடங்களையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

மின்தடை நடந்த மறுநாள் வரும் விளக்கத்தைத் தள்ளி வையுங்கள்

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியது. 15-ஆம் தேதி அதிகாலையில் மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை ஊசலாடுகிறது என்பதே அதிர்வெண்; உற்பத்தி தேவைக்குக் குறைந்தால் அது இறங்கும். 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அந்த அதிர்வெண் 59.4-க்குக் கீழே இறங்கி நான்கு நிமிடங்களுக்கு மேல் அங்கேயே நின்றது. அது ஒன்பது நிமிடங்களைத் தொட்டிருந்தால் மேலும் பல நிலையங்கள் தாமாகவே துண்டித்துக்கொண்டு, மாநிலத்தின் கட்டமைப்பு முழுவதுமே சரிந்திருக்கும். அதைத் தவிர்ப்பதற்காகக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் லட்சக்கணக்கான வீடுகளின் மின்சாரத்தைத் தாங்களே துண்டிக்க நேர்ந்தது. உறைபனியில் பல நாட்கள் மின்சாரமின்றிக் கிடந்த அந்த மாநிலத்தில் 246 பேர் இறந்ததாக அரசின் சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது.

பனி உருகும் முன்னரே, உறைந்துபோன காற்றாலைகள்தான் காரணம் என்று சில அரசியல்வாதிகள் தொலைக்காட்சியில் பேசினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணை அறிக்கை வந்தபோது, டெக்சாஸிலும் அதையொட்டிய மாநிலங்களிலும் எதிர்பாராமல் நின்றுபோன அல்லது உற்பத்தி குறைந்த மின்னலகுகளில் 58 சதவீதம் எரிவாயுவில் இயங்குபவை என்றும் 27 சதவீதம் காற்றாலைகள் என்றும் தெரிந்தது. ஓர் அணுமின் உலையும் உறைந்துபோன ஒரு நீர்க்குழாயால் நின்றது. எரிவாயுக் கிணறுகளும் குழாய் நிலையங்களும் குளிரால் முடங்கின. அவற்றில் சில அத்தியாவசிய இணைப்புகளாகப் பதிவு செய்யப்படாமல் இருந்ததால், மின்வெட்டு அவற்றுக்கும் விழுந்து, மின்நிலையங்களுக்கான எரிவாயு மேலும் குறைந்தது. 2011-லும் அதே மாநிலத்தில் இதுபோன்ற குளிர் வந்திருந்தது. குளிர்காப்பு செய்யும்படி அப்போது கூறப்பட்ட பரிந்துரைகள் கட்டாயமாக்கப்படவில்லை. மாநிலத்தின் கட்டமைப்பு அமெரிக்காவின் மற்ற பகுதிகளோடு மிகக் குறைவாகவே இணைக்கப்பட்டிருந்ததால், வெளியிலிருந்து பெரிய அளவில் உதவியும் பெற முடியவில்லை.

இதற்கு எதிர்த்திசையிலான பாடமும் உண்டு. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா முழுவதும் இருளில் மூழ்கியது. புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது உண்மை. அதே நேரத்தில், பல காற்றாலைகள் அடுத்தடுத்த மின்னழுத்தச் சரிவுகளைத் தாங்காமல் துண்டித்துக்கொள்ளும்படி முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்ததும் உண்மை. அந்த அமைப்பை மாற்றியதும் அந்தக் குறை நீங்கியது. "புயல் மட்டுமே" என்று சொன்னவரும் "காற்றாலைகள் மட்டுமே" என்று சொன்னவரும் மக்களுக்குத் தேவையான செய்தியைச் சொல்லவில்லை. ஆகவே மின்தடைக்குப் பின் முதல் வாரத்தில் வரும் அரசியல் விளக்கங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு, சில மாதங்கள் கழித்து வரும் விசாரணை அறிக்கையோடு ஒப்பிடுங்கள். எந்தத் தலைவர் தம் பேச்சைத் திருத்திக்கொண்டார், எவர் அதையே திரும்பச் சொல்கிறார் என்பதிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

விலையைப் பற்றிய வாதத்தைப் பிரித்துப் பாருங்கள்

சூரியமின்சாரம்தான் இப்போது மிக மலிவு என்று ஒருவர் சொல்ல, அப்படியானால் கட்டணம் ஏன் ஏறுகிறது என்று மற்றவர் கேட்பார். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். ஒரு யூனிட்டை நிலையத்தின் வாசலில் உற்பத்தி செய்ய ஆகும் சராசரிச் செலவு வேறு. அதை மின்செலுத்து தடங்கள் வழியே கொண்டுவந்து, மாலைக்கும் மழைநாளுக்கும் மாற்று ஏற்பாட்டை வைத்திருந்து, வீட்டில் கொடுக்க ஆகும் செலவு வேறு. முதல் எண்ணில் சூரியமின்சாரம் பெரும்பாலான நாடுகளில் வெல்கிறது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் அதன் தகடுகளின் விலை ஏறத்தாழ 90 சதவீதம் விழுந்தது. இரண்டாவது எண் நாட்டுக்கு நாடு மாறும். இதைத் தவிர, பல ஐரோப்பியச் சந்தைகளில் அந்த நேரத்துக்குத் தேவைப்படும் நிலையங்களில் விலை மிகுந்தது எதுவோ அதன் விலையே எல்லாருக்கும் கிடைக்கும் விலையாகிறது. 2022-இல் ரஷ்ய எரிவாயு குறைந்து அதன் விலை உச்சத்துக்குப் போனபோது, காற்றாலை மின்சாரமும் அதே உயர்ந்த விலையில் விற்பனையானது அதனால்தான். அந்தக் கட்டண உயர்வைக் காற்றாலையின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

பொதுமேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு காரணி வட்டி. நிலக்கரி அல்லது எரிவாயு நிலையத்தின் செலவில் பெரும்பகுதி, அது ஓடும் காலம் முழுவதும் வாங்கப்படும் எரிபொருளில் இருக்கிறது. சூரியமின் நிலையத்துக்கும் காற்றாலைக்கும் எரிபொருள் இல்லை. செலவு அனைத்தும் முதல் நாளிலேயே, கடன் வாங்கிச் செய்யப்படுகிறது. எனவே வட்டி விகிதம் உயர்ந்தால் தூய எரிசக்தியின் விலைதான் அதிகம் ஏறுகிறது. கடன் மலிவாகக் கிடைக்கும் பணக்கார நாட்டில் வெல்லும் ஒரு திட்டம், அதைவிட அதிக வெயில் உள்ள ஏழை நாட்டில் தோற்பதற்கு இதுவே காரணமாக அமைகிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் கொள்கையும் மாறினால், அந்த அச்சத்துக்காகவே கடன் கொடுப்பவர் வட்டியை ஏற்றுவார். அமெரிக்காவில் 2022-இல் சட்டமாக்கப்பட்ட வரிச்சலுகைகளில் பல 2025 ஜூலையில் வெட்டப்பட்டன. அந்தச் சலுகைகள் நல்லவையா கெட்டவையா என்பது ஒருபுறமிருக்க, மூன்றே ஆண்டுகளில் திசை மாறும் நாட்டில் 25 ஆண்டுகள் ஓட வேண்டிய நிலையத்துக்குப் பணம் போடுபவர் தயங்கத்தான் செய்வார்.

மானியம் பற்றிப் பேசினால் எதை மானியம் என்கிறார்கள் என்று கேளுங்கள். பன்னாட்டு நாணய நிதியம் 2022-ஆம் ஆண்டுக்கான புதைபடிவ எரிபொருள் மானியத்தை 7 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அரசுகள் நேரடியாக விலையைக் குறைத்துக் கொடுத்த வெளிப்படை மானியம் அதில் 1.3 லட்சம் கோடி டாலர்தான். மீதியில் பெரும்பகுதி, காற்று மாசினாலும் புவி வெப்பமாதலினாலும் நேரும் இழப்புக்கு எரிபொருளின் விலையில் கட்டணம் விதிக்காமல் விட்டதன் மதிப்பு. அந்த இழப்பை யாரோ ஒருவர் நுரையீரலாலோ விளைச்சலாலோ கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதால் அதையும் கணக்கில் சேர்ப்பதே நியாயம் என்பது என் கருத்து. ஆனால் அதைக் கருவூலத்திலிருந்து போன பணம் போல மேடையில் சொல்வது சரியல்ல. காற்றாலைக்கும் சூரியமின்சாரத்துக்கும் கிடைக்கும் வரிச்சலுகைகளையும், உத்தரவாதக் கொள்முதல் விலையையும், நிலச் சலுகைகளையும் அதே பேரேட்டில் எழுத வேண்டும்.

சில வாதங்களுக்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. சூரியத் தகடு செய்வதிலும் கார்பன் வெளியாகிறதே என்பார்கள், வெளியாகிறதுதான். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2014-இல் தொகுத்த இடைநிலை மதிப்பீடுகளின்படி, கட்டுமானம் முதல் கழிவு வரை எல்லாம் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு, கார்பன் டை ஆக்சைடு கணக்கில், நிலக்கரி 820 கிராமும், எரிவாயு 490 கிராமும், பெரிய சூரியமின் நிலையம் 48 கிராமும், அணுமின்சாரமும் காற்றும் ஏறத்தாழ 12 கிராமும் வெளியிடுகின்றன. எரிவாயு தூயது என்பார்கள். எரியும்போது நிலக்கரியைவிடத் தூயதே, ஆனால் குழாயில் கசியும் மீத்தேன் 20 ஆண்டுக் காலத்தில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பமாக்குவதால் கசிவின் அளவைக் கேட்காமல் அந்தக் கூற்றை ஏற்கக் கூடாது. தகடுகளுக்குச் சீனாவை நம்பியிருப்பது எண்ணெய்க்கு வளைகுடாவை நம்பியிருப்பது போன்றதே என்பார்கள். தகடு உற்பத்தியின் எல்லா நிலைகளிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் என்பதால் அந்தக் கவலை நியாயமானது. ஆனால் எரிபொருள் இறக்குமதி நின்றால் சில வாரங்களில் விளக்கு அணையும். தகடு இறக்குமதி நின்றால் புதிய நிலையங்கள் தள்ளிப்போகுமே தவிர, நிறுவியவை 25 ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்.

யார் இழக்கிறார்கள் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள்

ஒரு சுரங்கம் மூடப்படும்போது சுரங்கத் தொழிலாளி மட்டும் இழப்பதில்லை. அவரை நம்பிய கடைகளும், வரி வருவாயை நம்பிய உள்ளாட்சியும், நிலக்கரிச் சரக்கை நம்பிய ரயில்வேயும் இழக்கின்றன. பசுமை வேலைகள் உருவாகும் என்ற பதில் நாட்டளவில் சரியாக இருக்கலாம். ஆனால் புதிய வேலை எந்த மாவட்டத்தில், எந்த ஆண்டில், எந்தக் கல்வித் தகுதிக்கு என்று சொல்லாதவரை ஐம்பது வயதுத் தொழிலாளிக்கு அது பதிலாகாது. ஸ்பெயின் 2018-இல் தொழிற்சங்கங்களோடு அமர்ந்து, 25 கோடி யூரோ மதிப்பில், முன்கூட்டிய ஓய்வூதியமும் மறுபயிற்சியும் அடங்கிய உடன்பாட்டைச் செய்துகொண்ட பிறகு பெரும்பாலான நிலக்கரிச் சுரங்கங்களை மூடியது. ஜெர்மனி நிலக்கரிப் பகுதிகளுக்கு 2038 வரை 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கச் சட்டம் இயற்றியது. இழப்பவர்களைப் பெயர் சொல்லி, தொகை குறித்து, தேதியிட்டுப் பேசும் திட்டங்கள் இவை. அவற்றின் போதாமைகளை விவாதிக்க முடிவதே அவை எழுத்தில் இருப்பதால்தான்.

எதிர்த்திசையிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். நிலக்கரியைத் தொடர்வோம் என்பவர், அனல்மின் நிலையத்தின் சாம்பல் படியும் ஊர்களில் இருப்பவர்களுக்கு என்ன வைத்திருக்கிறார்? பாகிஸ்தானில் 2024-இல் வசதியுள்ளவர்கள் பெருமளவில் கூரைகளில் தகடு அமைத்துக்கொண்டதும், மின்கட்டமைப்பின் நிலையான செலவுகள் மீதமுள்ள வாடிக்கையாளர்கள் மீது விழும் என்ற பிரச்சினை அங்கே எழுந்தது. மாற்றத்தாலும் ஏழைகள் நசுங்கலாம், மாறாமல் இருப்பதாலும் நசுங்கலாம். இரண்டையும் ஒரே அக்கறையோடு பார்க்கும் பேச்சாளர்கள் குறைவு.

வாக்குறுதியின் முதல் ஐந்து ஆண்டுகளைப் பாருங்கள்

2050, 2060, 2070 என்று முடியும் இலக்குகளை அறிவிக்கும் எவரும் அந்த ஆண்டில் பதவியில் இருக்கப்போவதில்லை. சோதிக்கத்தக்க வாக்குறுதி எப்படியிருக்கும் என்பதற்குப் பிரிட்டனைப் பார்க்கலாம். 2008-இல் தொழிற்கட்சி ஆட்சியில் நிறைவேறிய காலநிலைச் சட்டம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை கார்பன் வரம்பைச் சட்டப்படி நிர்ணயித்து, தனி ஆலோசனைக் குழு ஒன்று நாடாளுமன்றத்துக்கு முன்னேற்றத்தை அறிக்கையாகத் தர வேண்டும் என்றது. 2013-இல் மின்நிலையங்கள் வெளியிடும் கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வந்தது. 2015-இல் கன்சர்வேட்டிவ் அரசு நிலக்கரி நிலையங்களை மூடும் எண்ணத்தை அறிவித்தது. 2012-இல் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் தந்த நிலக்கரி, 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டதோடு பூஜ்யமானது. காற்றாலைகளும் எரிவாயுவும் குறைந்துவந்த மின்தேவையும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்கின என்பதால், நிலக்கரி போனதோடு பிரிட்டனின் எரிவாயுச் சார்பு போய்விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அணுமின் நிலையத்தை வாக்குறுதியாகக் கொடுப்பவரிடம் மின்சாரம் எந்த ஆண்டில் வரும் என்று கேளுங்கள். அமெரிக்காவின் வோக்டில் நிலையத்தில் புதிய உலைகள் ஏறத்தாழ ஏழாண்டு தாமதமாக, 2023-லும் 2024-லும்தான் இயங்கத் தொடங்கின. அதனால் அணுமின்சாரம் வேண்டாம் என்றாகிவிடாது. இடைப்பட்ட ஆண்டுகளில் எது எரியும் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும் என்றாகிறது.

உங்கள் தொகுதியில் போட்டியிடுபவர்களுக்கு எழுதும்போது, சூரியமின்சாரத்தை ஆதரிக்கிறீர்களா என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆம் என்பார்கள். அடுத்த ஐந்தாண்டில் எத்தனை கோடி யூனிட் கூடுதலாகத் தேவைப்படும், அதில் எவ்வளவு எதிலிருந்து வரும், மாலை உச்ச நேரத்துக்கு எத்தனை மெகாவாட்டை எத்தனை மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்வீர்கள், எந்த மின்செலுத்து தடத்துக்கு எந்த ஆண்டில் பணம் ஒதுக்குவீர்கள், மூடப்போகும் நிலையங்கள் எவை, அங்கே வேலை செய்பவர்களுக்கு எவ்வளவு தொகை, அது வரியிலிருந்தா கட்டணத்திலிருந்தா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தால், அதில் உள்ள முதல் ஆண்டையும் முதல் தொகையையும் எடுத்துக்கொண்டு அடுத்த வரவுசெலவுத் திட்ட அறிக்கையில் தேடிப் பாருங்கள்.